ரிடையர் ஆனப்புறம் ரெண்டு பேரா வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்புறீங்களா? சேலத்துக்காரங்களுக்கு சில விஷயம்

நம்ம சேகரத்துல, அதாவது நம்ம வட்டாரத்து சபைகள்ல, இப்பல்லாம் இந்தக் கேள்வி அடிக்கடி வருது. பசங்க செட்டில் ஆயிட்டாங்க, பென்ஷன் வருது, முட்டி வலியைத் தவிர உடம்புக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருமா ஒரு வருஷம் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போயிட்டு வரலாமான்னு. நானும் எங்க வீட்டுக்காரரும் கென்யாவுல ந்யேரி பக்கம் இருந்துட்டு வந்ததால என்னையே கேக்குறாங்க, நானும் போன்ல சொல்லிச் சொல்லி தொண்டை கட்டிப் போச்சு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல் வேலை, அழைப்பு லெட்டர் வந்த உடனே அதுல அம்மாவுக்கு என்ன வேலைன்னு போட்டிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் ஐயாவுக்கு மட்டும்தான் இருக்கும், கணக்கு பாக்கணும், ஸ்டோர் பாக்கணும், தண்ணி மோட்டார் பாக்கணும்னு. கடைசியில ஒரு வரி, மனைவியும் உடன் வருவார். இதுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. அங்க போனா ஐயா காலைல கிளம்பிடுவாரு, அம்மா சமையக்கட்டுல நிப்பாங்க, வர்ற விருந்தாளிக்கெல்லாம் டீ போடுவாங்க, அவ்ளோதான் ஊழியம். சேலத்துலயாவது பக்கத்து வீடு இருக்கு, பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கு, ஒண்ணுமில்லைன்னா வாசல்ல காய் வண்டிக்காரர்கிட்டயாவது நாலு வார்த்தை பேசலாம். அங்க நாலு செவுரு. ரெண்டு பேருக்கும் தனித்தனி வேலை, தனித்தனி பொறுப்பாளர், லெட்டர்லயே எழுத்துல வரணும். நான் டீச்சரா இருந்தவ, அதனால பள்ளிக்கூட லைப்ரரின்னு கேட்டு வாங்கினேன். நர்ஸா இருந்தவங்க, தையல் தெரிஞ்சவங்க, பாங்க்ல இருந்தவங்க எல்லாருக்கும் அங்க வேலை இருக்கு, நாம கேட்டாத்தான் சொல்லுவாங்க.

எந்த வழியா போறதுன்னா, ஒவ்வொரு சபைக்கும் ஒரு மாதிரி. மார்மன் சபைன்னு நாம சொல்றவங்ககிட்ட ரிடையர் ஆன தம்பதிகளுக்குன்னே தனி ஏற்பாடு இருக்கு, 6 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்கும், செலவு அவங்கவங்க சொந்தக் காசு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே மிஷனரிதான். நம்ம சிஎஸ்ஐல, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில, அப்படி கட்டுக்கோப்பா ஒண்ணும் கிடையாது, அங்க உள்ள சபை கூப்பிடணும், இங்க ஆயர் வழியா மேல உள்ள பேராய ஆபீஸ்ல லெட்டர் வாங்கணும். அந்தக் காலத்துல சேலத்துக்கு வந்த லண்டன் மிஷன்தான் 1977ல கவுன்சில் ஃபார் வேர்ல்ட் மிஷன் ஆச்சு, இப்ப தலைமை ஆபீஸ் சிங்கப்பூர்ல இருக்கு, சிஎஸ்ஐயும் அதுல உறுப்பு சபை, அதனால அந்த வழியாவும் ஆயர்கிட்ட விசாரிக்கச் சொல்லலாம். விசா விஷயத்துல மட்டும் குறுக்கு வழி வேணாம். டூரிஸ்ட்டா இறங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கென்யாவுல சபை வேலை, தர்ம வேலைக்குன்னு கிளாஸ் ஐ-ன்னு தனி பர்மிட் இருக்கு, அதுக்கு அங்க உள்ள சபைதான் அப்ளை பண்ணணும், கைக்கு வர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க.

இதுக்கு நடுவுல ஒரு ஒத்திகை பாத்துடுங்க, நான் எல்லாரையும் பண்ணச் சொல்றது இது. ஏற்காட்டுல ஒரு மாசம் சின்ன வீடா வாடகைக்கு எடுத்து இருங்க. லேக் பக்கம் வேணாம், அது டூரிஸ்ட் கூட்டம், நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் மாதிரி உள்ள தள்ளி இருக்குற ஊரா பாருங்க. காரை சேலத்துலயே விட்டுட்டு பஸ்ல 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போங்க. வேலைக்கு ஆள் வைக்காதீங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல வெளிய போக முடியாது, பனி இறங்கும், காட்டெருமை நிக்கும், கரண்ட் போகும், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். முப்பது நாப்பது வருஷம் வேலைக்குப் போயிக்கிட்டு ராத்திரி மட்டும் பாத்துக்கிட்ட ஜோடிக்கு இதுதான் பெரிய பரீட்சை, கென்யா எல்லாம் அதுக்கப்புறம். ரெண்டாவது வாரமே சண்டை வந்துச்சுன்னா பயப்பட வேணாம், எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் கவனிங்க. எங்களுக்கு ரேடியோ சத்தத்துக்கு வந்துச்சு. ஒரு ஹெட்செட்ல முடிஞ்சுது.

க்ளைமேட்டும் பழகிடும். ஏற்காடு 1515 மீட்டர், ந்யேரி அதைவிட இன்னும் உசரம், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல குளிரு. அங்கயும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம். நம்ம பக்கம் அந்த மரத்துல மிளகுக் கொடி ஏத்தி விடுவோம், அங்க வெறும் மரமா வரப்போரம் வரிசையா நிக்கும், அதைப் பாத்தாலே எனக்குக் கை அரிக்கும். மழை மட்டும் ரெண்டு தடவை, மார்ச்ல இருந்து மே வரைக்கும் பெரிய மழை, அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும் சின்ன மழை. செம்மண் சேறு காலை வாரும், நல்ல கிரிப் உள்ள ஷூ எடுத்துக்கோங்க, செருப்போட போய் இடுப்பை ஒடச்சுக்காதீங்க.

சேலத்து வீட்டுக்கு வருவோம். சும்மா பூட்டிட்டுப் போனா திரும்பி வரும்போது போர் மோட்டார் இறுகியிருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரி செத்திருக்கும். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சாவி குடுத்து வாரம் ஒரு தடவை மோட்டார் போடச் சொல்லுங்க, வீட்டு வரி, ஈபி பில் ஆன்லைன்ல நீங்களே கட்டிடலாம். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் விஷயம் முக்கியம். பிஎஃப் ஆபீஸ்ல இருந்து வர்ற இபிஎஸ் பென்ஷன்காரங்க எந்த மாசம் வேணும்னாலும் குடுக்கலாம், குடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் செல்லும், அதனால கிளம்புறதுக்கு முந்தின வாரம் குடுத்துடுங்க. கவர்மென்ட் பென்ஷன்னா உங்க ஆபீஸ்ல கேட்டு வெச்சுக்கணும். ஆதார்ல, பாங்க்ல இருக்குற சிம் கார்டை ரீசார்ஜ் பண்ணாம விட்டுடாதீங்க, ஓடிபி வரலைன்னா அங்க உக்காந்துக்கிட்டு கையப் பிசைய வேண்டியதுதான். வருமான வரிக்குப் பாக்குற 182 நாள் கணக்கு, வெளிநாட்டு வாசின்னு பாங்க்ல மாத்தணுமா வேணாமாங்கறதை ஆடிட்டரைக் கேளுங்க, சபையில பெரியவங்க சொல்றாங்கன்னு கேக்காதீங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. சேலத்துல மெடிக்கல் ஷாப்ல போய் போட்டுக்குற ஊசி இல்ல, கவர்மென்ட் அங்கீகாரம் குடுத்த சென்டர்லதான் போடணும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. பயணத்துக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அப்பத்தான் அந்தக் கார்டு செல்லும். 60 வயசு தாண்டினவங்களுக்கு இந்த ஊசியில கொஞ்சம் ரிஸ்க் கூட, அதனால முதல்ல உங்க டாக்டரைப் பாத்துப் பேசிட்டுத்தான் சென்னை டிக்கெட்டே போடணும். பிபி, சுகர் மாத்திரைக்கு கம்பெனி பேர் இல்லாம உள்ள இருக்குற மருந்தோட பேரை டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க, இங்க உள்ள பிராண்டு அங்க இருக்காது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது விமானத்துல தூக்கிட்டுப் போற செலவு கவர் ஆகுதான்னு கேளுங்க. கென்யாவுல ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ்னு ஒண்ணு இருக்கு, வருஷ சந்தா கட்டி மெம்பர் ஆயிடலாம், நாங்க கட்டினோம், தேவைப்படல, நிம்மதியா தூங்கினோம்.

பெட்டி கட்டும்போது குக்கர் கேஸ்கட்டும் வெயிட்டும் ஸ்பேர் எடுத்துக்கோங்க, அந்த உசரத்துல குக்கர் இல்லாம பருப்பு வேகாது. மிக்ஸி கொண்டு போகலாம், அங்கயும் 240 வோல்ட்தான், ஆனா ப்ளக்கு மூணு சதுரக் காலு, அடாப்டர் வேணும். அரிசிக்குக் கவலையில்ல, ம்வேயா பக்கம் வெளையுற பிஷோரி அரிசி நல்ல வாசனையா இருக்கும், உளுந்துக்குத்தான் நைரோபி வரைக்கும் போகணும். குளிருக்கு மாவு புளிக்கவே புளிக்காது, ராத்திரி அடுப்புப் பக்கத்துல கம்பளி சுத்தி வைக்கணும். காப்பி வெளையுற ஊருன்னு நம்பிப் போயிடாதீங்க, நல்ல கொட்டையெல்லாம் கப்பல் ஏறிடுது, வீட்டுக்கு வீடு பால்ல கொதிக்க வெச்ச டீதான், அதனால பித்தளை ஃபில்டரை உள்ள போட்டுடுங்க. பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2017லயே அங்க தடை, ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுப்பாங்க, அதனால தட்டுவடை, முறுக்கு, ஊறுகாய் டப்பா எல்லாத்தையும் மஞ்சப்பையில கட்டுங்க. விதை, செடி, மாங்கொட்டை எதுவும் வேணாம், சேலத்து மல்கோவா ஆசை இங்கயே இருக்கட்டும்.

அங்க ஒரு நாள் எப்படிப் போகும்னா, பூமத்திய ரேகை பக்கம்ங்கறதால வருஷம் பூரா காலைல ஆறரைக்கு விடியும், சாயங்காலம் ஆறரைக்கு இருட்டும். காலைல மேகம் மூடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கென்யா மலை தெரியும், டீயை எடுத்துக்கிட்டு வெளிய வந்து நின்னா அதுவே ஒரு ஜெபம். எட்டு மணிக்கு அவரு ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூமுக்கு, நான் லைப்ரரிக்கு. லைப்ரரின்னா பெருசா நினைக்காதீங்க, அட்டை கிழிஞ்ச புஸ்தகத்தை கோந்து போட்டு ஒட்டுறது, நம்பர் எழுதுறது, மத்தியானம் சின்னப் பிள்ளைங்களை உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லிக் கேக்குறது. மத்தியானம் எல்லாரோடயும் அங்கயே சாப்பாடு, மக்காச்சோளமும் பீன்ஸும் வேக வெச்சது, இல்லைன்னா உகாலியும் கீரையும். உகாலி நம்ம களி மாதிரிதான், ராகிக்குப் பதிலா வெள்ளை மக்காச்சோள மாவு, கையால உருட்டிச் சாப்பிடணும். நமக்கு அது கஷ்டமே இல்ல, அதைப் பாத்துத்தான் அவங்க நம்மகிட்ட ஒட்டினாங்கன்னு கூட சொல்லலாம். பேரப்பசங்களுக்கு போன் பண்ணணும்னா நம்மூரு நேரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அஞ்சு மணிக்குள்ள கூப்பிட்டுடணும். சுவாஹிலியில மணி சொன்னா 6 மணி நேரம் கூட்டிக்கணும், மூணு மணிக்குக் கூட்டம்னா காலைல ஒம்பது.

ஞாயித்துக்கிழமை ஆராதனை நீளம், காலைல நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. புதுசா வந்தவங்களை எழுப்பி சபைக்கு வாழ்த்து சொல்லச் சொல்லுவாங்க, அதுவும் ரெண்டு பேரையும் தனித்தனியா, வீட்டுக்காரரைப் பேச விட்டுட்டு பின்னாடி நிக்க முடியாது. ரெண்டு வரி தயாரா வெச்சுக்கோங்க. காணிக்கையில முட்டை, வாழைத்தார், கோழி எல்லாம் வரும், ஆராதனை முடிஞ்சு ஏலம் விடுவாங்க, நம்ம அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரியே, ஐயா உற்சாகத்துல கோழி ஏலம் எடுத்துடாம பாத்துக்கோங்க. காணிக்கையே செல்போன்ல காசு அனுப்புற எம்-பெசாவுல போடலாம். 2007ல இருந்து அங்க எல்லாம் அதுலதான் ஓடுது, பட்டன் போன்லயும் வேலை செய்யும், பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கிக்கணும். ஆளுக்கு ஒரு சிம், ஆளுக்கு ஒரு கணக்கு. காய் வாங்க அம்மா ஐயாவைக் கேட்டு நிக்கக் கூடாது.

காசு விஷயத்தை கொஞ்சம் விவரமா சொல்லணும். 1896ல இருந்து ரயில் பாதை போட நம்மாளுங்க ஆயிரக்கணக்குல அங்க போனாங்க, அதுல தங்கினவங்க, பின்னாடி வந்தவங்கல்லாம் கடை, வியாபாரம்னு வளந்தாங்க, அதனால இந்தியர்னாலே முதலாளி, பணக்காரர்னு ஒரு நினைப்பு அங்க உண்டு. நீங்க பென்ஷன்ல வாழ்றவங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி பில், அடக்கச் செலவுன்னு வீட்டு வாசலுக்கே வந்து கேப்பாங்க, பொய்யும் இல்ல, நெஜமான கஷ்டம்தான். ஒருத்தருக்கு கையில குடுத்தா மறுநாள் பத்துப் பேரு, அதோட நேத்து வரைக்கும் கூட வேலை செஞ்சவங்க இன்னைக்கு உங்களைப் பாத்துப் பேசுற தினுசே மாறிடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே சேலத்துல உக்காந்து ரெண்டு பேரும் மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை முடிவு பண்ணி, அங்க சபை கமிட்டி வழியா மட்டும் குடுங்க. யாரு கேட்டாலும் ரெண்டு பேரும் ஒரே பதில், கமிட்டில கேளுங்கன்னு. ஐயா முடியாதுன்னு சொல்லி அம்மா பின்வாசல்ல குடுக்குறது, இல்ல அம்மா சொல்லி ஐயா குடுக்குறது, ரெண்டும் வேலைக்கு ஆகாது. ஆனா ஊருல யாருக்காவது பணம் வசூல் பண்ற ஹராம்பே கூட்டம்னா போங்க, எல்லாரும் போடுறதைப் போல நீங்களும் போடுங்க, அங்க போகாம இருந்தாத்தான் தப்பா நினைப்பாங்க.

வாரத்துல ஒரு நாள் லீவு கண்டிப்பா எடுங்க. ந்யேரியில ஸ்கவுட் ஆரம்பிச்ச பேடன் பவலோட கல்லறை இருக்கு, எங்க வீட்டுக்காரர் ஸ்கூல்ல ஸ்கவுட்ல இருந்தவரு, அங்க போய் சல்யூட் வெச்சுட்டுத்தான் வந்தாரு. ஒரு நாள் நீங்க தனியா, ஒரு நாள் அவரு தனியா எங்கயாவது போயிட்டு வந்தாலும் நல்லதுதான், சாயங்காலம் பேசுறதுக்கு விஷயம் இருக்கும்.

முடியப் போற கடைசி ரெண்டு மாசம் புது வேலை எதுவும் ஆரம்பிக்காதீங்க. லைப்ரரி ரெஜிஸ்டர் எழுத அங்க உள்ள ஒரு பொண்ணுக்குப் பழக்கி விட்டுட்டு நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன், அவரும் ஜெனரேட்டரை அங்க உள்ள பையன்கிட்ட விட்டுட்டு ஸ்டூல் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அடுத்த வருஷம் வருவோம், பணம் அனுப்புவோம்னு வாக்கு எதுவும் குடுத்துட்டு வராதீங்க.

கிளம்புறப்போ மஞ்சள் காய்ச்சல் கார்டை பெட்டிக்குள்ள போட்டு செக்-இன்ல விட்டுடாதீங்க, பாஸ்போர்ட்டோட சேத்து கைப்பையில வெச்சுக்கோங்க. கென்யாவுல இருந்து வர்றவங்களை நம்மூரு ஏர்போர்ட்ல இறங்கின உடனே அதைத்தான் கேப்பாங்க, கார்டு இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க, பசங்க வெளிய மாலையோட நின்னுக்கிட்டு இருப்பாங்க.