தாலி கட்டாத வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவமனை மேசையில் இப்படிக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. 11 வருஷமாக ஒரே அடுப்பில் சோறு பொங்குகிறோம். நான் தங்கச்சிமடத்து வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், கருவாடு காயப்போட்டு விற்கிறேன். அவர் பாம்பன், நாட்டுப்படகில் போகிறவர், இந்து. இரண்டு வீட்டிலும் மற்றவர்தான் மாற வேண்டும் என்றார்கள். நாங்கள் மாறவும் இல்லை, தாலி கட்டவும் இல்லை. அவருக்குக் குடலிறக்கம் வந்தபோதுதான் இந்த 11 வருஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்று உறைத்தது. என் காப்பீட்டு அட்டையில் அவர் இல்லை. அவர் பெயர் இருந்த அம்மா வீட்டு ரேஷன் கார்டுக்குக் காப்பீடே போடவில்லை. புது வலைக்கு வைத்திருந்த பணம் ஆபரேஷனுக்குப் போனது.

அப்புறம் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. குடும்பம் என்றால் சட்டப்படியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மைச் சார்ந்த பெற்றோர். இவர்களின் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால் அதற்குமேல் ஆதாரம் கேட்பதில்லை. ஆக, யாரோடு வாழ்கிறோம் என்பதைவிட எந்தக் கார்டில் பெயர் இருக்கிறது என்பதே இங்கே பேச்சு.

"பொண்டாட்டின்னு எழுதிச் சேர்த்துரு, யாரு பாக்கப் போறா" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கேட்காதீர்கள். பொய்யாக எழுதியது நோயாளி படுக்கையில் கிடக்கும்போது வெளியே வந்தால் யார் பதில் சொல்வது?

நாங்கள் செய்தது தனித்தனி அட்டை. என் பெயர் என் அம்மா கார்டில், அவர் பெயர் அவர் அம்மா கார்டில். இருந்தபடியே விட்டு, அவர் அம்மா கார்டுக்கு வருமானச் சான்று வாங்கினோம். விஏஓ கையெழுத்திட்ட சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். எங்களுக்கும் அப்போதுதான் கொஞ்சம் ஓய்வு. இந்த அலைச்சலுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. குடும்பத் தலைவி என்பதால் மாமியையும் கூட்டிப்போனோம். பாம்பன் பாலம் தாண்டும்வரை மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சிப்புளி வந்ததும், "சாப்டியா?" என்றார். திட்டத்தில் சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வருமானம் கூடுதல் என்றால் தனியார் பாலிசிதான். குடும்ப பாலிசியில் பெரும்பாலும் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோரைத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்து வாழ்கிறவரைச் சேர்ப்பார்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு தனி பாலிசி. அதில் உறவு பற்றிய கேள்வியே பெரிதாக வராது. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காதீர்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். அதனால் நோய் வந்தபிறகு ஓடுவதில் பயனில்லை.

நாமினியாக ஒருவரையொருவர் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாமினி ஆனதால் உங்களுக்குச் சிகிச்சை கிடைக்காது. பாலிசிதாரர் இறந்தால் வரவேண்டிய பணத்தை வாங்கத்தான் அது. வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலும் அவர் என் பெயரைத்தான் எழுதினார். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். ஆஸ்பத்திரி பில்லுக்கு அது உதவாது. கடலுக்குப் போகிறவர் வீட்டில் அந்த 20 ரூபாயை விடக்கூடாது.

ஒரே அட்டைதான் வேண்டுமென்றால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. யாரும் வேதம் மாற வேண்டாம். இருவரில் ஒருவர் 30 நாளாவது குடியிருக்கும் மாவட்டத்தில் திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாளில் சட்டப்படியான ஆட்சேபணை வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். முதல் கணவனோ மனைவியோ உயிரோடு இருந்து விவாகரத்து ஆகாதவர்களுக்கு இந்த வழி இல்லை. சான்றிதழ் வந்ததும் பழைய கார்டில் பெயரை நீக்கி, மற்றவர் கார்டில் சேர்க்கலாம்.

அடுத்த தடைக்காலத்தில் அறிவிப்புக் கொடுப்போமா என்று அவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சம்மதம்தான். ஆனால் பெயரை இங்கே மாற்றினால் மாமியின் கார்டில் மாமி மட்டும்தான் இருப்பார். அதை மாமியிடம் யார் சொல்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.