மேப்பில் தெரியும் அந்தக் கரும்பள்ளம் எந்தச் சுரங்கம்?

செயற்கைக்கோள் படத்தில் பெரிய பள்ளத்தைப் பார்த்ததும் நிலக்கரிச் சுரங்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கல்குவாரியும் இரும்புத்தாதுச் சுரங்கமும் அப்படித்தான் படிப்படியாக இறங்கும். நிறத்தைப் பாருங்கள்: நிலக்கரிச் சுரங்கம் என்றால் படிகளுக்கு நடுவே பட்டையாகக் கறுப்பு ஓடும், பக்கத்தில் வெட்டிப்போட்ட மேல்மண் மலைபோலக் குவிந்திருக்கும். பழுப்பு நிலக்கரி என்றால் அந்தப் பட்டை கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

அப்புறம் ரயில் பாதையைத் தேடுங்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். சுரங்கத்தருகே பாதை சொட்டு வடிவில் வளைந்து திரும்பினால், அது பெரும்பாலும் சரக்கு ஏற்றும் இடம். நிலத்தடிச் சுரங்கத்துக்குப் பள்ளமே இருக்காது. கரிக்குவியல், கரியைக் கொண்டுசெல்லும் கன்வேயர் பட்டை, கறுத்த குட்டைகள்தான் தடயம்.

சரி, பெயர்? மேப்பில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். சத்தீஸ்கரின் கோர்பா பகுதியில் கேவ்ரா, தீப்கா சுரங்கங்கள் ஒட்டியே இருக்கின்றன. வானிலிருந்து எல்லை பிடிபடாது. சுரங்கக் குத்தகை வரைபடமும் சுற்றுச்சூழல் அனுமதி ஆவணமும்தான் கைகொடுக்கும். இந்தியாவில் இந்த அனுமதிகளுக்கான அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் தேடலாம். ஆவணத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை மேப்பில் போட்டுப் பாருங்கள். பாகை, நிமிடம், விநாடியில் இருந்தால் மாற்றும்போது கவனம். ஒரு நிமிடம் பிசகினாலே கிட்டத்தட்ட 2 கி.மீ. தள்ளிப்போகும்.

படம் எடுத்த தேதியையும் பாருங்கள். ஓடும் சுரங்கத்தின் விளிம்பு சில மாதங்களிலேயே நகர்ந்துவிடும். 10 மீட்டர் துல்லியமுள்ள, ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.