மதுரைப் படம் போட்ட பழைய தபால் கார்டுகளைத் தேடிச் சேர்க்கிற வழி

எங்கள் அப்பா விளக்குத்தூண் பக்கம் பிரேம் போடுகிற கடை வைத்திருந்தார். பழைய பிரேமைப் பிரித்தால், படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஆடாமல் இருக்க எதையாவது செருகியிருப்பார்கள். காலண்டர் அட்டை, பீடிக்கட்டு லேபிள், சில நேரம் தபால் கார்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மீனாட்சி கல்யாணப் படம் ஒன்றைப் பிரித்தபோது தெப்பக்குளத்தின் கறுப்பு வெள்ளைக் கார்டு ஒன்று கீழே விழுந்தது. படிக்கட்டில் ஒரு பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படத்துக்கு உரியவரிடம் கேட்டு அப்பா அதை எனக்கு வாங்கித் தந்தார். இன்றைக்கு என்னிடம் முந்நூற்றுச் சொச்சம் கார்டுகள் இருக்கின்றன.

தேடலைச் சொந்தபந்தத்தில் ஆரம்பியுங்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வந்தவர்கள் இருக்கிற வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கட்டாயம் ஒரு கடிதக் கட்டு இருக்கும். "பழைய கார்டு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "தாத்தா எழுதின கடுதாசி இருக்கா சித்தி" என்று கேளுங்கள், பெட்டி திறக்கும். கையெழுத்தைப் பிரிய அவர்களுக்கு மனம் வராது, அது நியாயம்தான். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் தொகுப்பில் கால்வாசி இப்படிப் படமாக மட்டும் இருப்பவை.

அடுத்தது திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். கார்டு என்று தனியாக யாரும் விரித்து வைத்திருக்க மாட்டார்கள். பூட்டு, ரேடியோ, பித்தளைச் சாமான் விற்கிறவர்களிடம் ஆல்பமும் பழைய கணக்குப் புத்தகமும் சேர்ந்தே வரும். "என்னக்கா, சாமி படமா தேடுறீக?" என்று ஒரு தம்பி என்னை மூன்று மாதம் கேட்டார். நான்காவது மாதம் ஒரு ஷூ பெட்டியை எடுத்து வைத்திருந்து கொடுத்தார். முகம் பழகுவதற்கு நேரம் கொடுங்கள். நல்ல கார்டை மட்டும் பொறுக்கி விலை பேசாதீர்கள், கட்டோடு கேளுங்கள். ஒரே குடும்பத்துக்கு வந்த கார்டுகள் பிரிந்துபோனால் யார் யாருக்கு எழுதினார்கள் என்கிற கதையும் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் அங்கே விலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இணையத்தில் தேடும்போது ஊர்ப் பெயர் படுத்தும். வெள்ளைக்காரர் காலத்தில் ஆங்கிலத்தில் நம் ஊர் "மதுரா"தான், கடைசியில் "ஐ" கிடையாது. அப்படிப் போட்டால் இந்தோனேசியாவின் மதுரா தீவும் கூடவே வரும். டச்சுக்காரர் போட்ட காளைப் பந்தயக் கார்டைப் பார்த்து நம்மூர் ஜல்லிக்கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கே உள்ள மதுராவை அன்று "முத்ரா" என்று எழுதினார்கள், அதனால் அந்தக் குழப்பம் குறைவு. பிரெஞ்சில் "மதுரே மிஷன்" என்று போட்ட சேசு சபையார் கார்டுகளும் நிறைய உண்டு. அந்த மிஷன் திருச்சி, பாளையங்கோட்டை வரைக்கும் பரந்து கிடந்தது. ஆகவே கார்டில் மதுரை என்று இருந்தாலும் படம் வேறு ஊராக இருக்கலாம். அவற்றை நான் தனி உறையில் வைக்கிறேன். வாங்குவதற்கு ஈபே, டெல்காம்ப் என்கிற இணைய விற்பனைத் தளங்கள் உதவும். பின்பக்கத்தின் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

ஏனென்றால் காலம் தெரிவது பின்பக்கத்தில்தான். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே என்று விட்டிருந்தால் பெரும்பாலும் மிகப் பழையது. பிரிட்டனில் 1902இல்தான் நடுவே கோடு போட்டு ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தார்கள். அதற்கு முன் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். தபால்தலையில் ஏழாம் எட்வர்டு தலை என்றால் 1910ஐ ஒட்டி அல்லது அதற்கு முன், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பின் 1936ஐ ஒட்டிய காலம் வரை. "நயா பைசா" என்று இருந்தால் 1957க்குப் பின். பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பின். அச்சில் "தமிழ்நாடு" என்று மாநிலப் பெயர் போட்டிருந்தால் அநேகமாக 1969க்குப் பிந்தியது. சென்னை ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் போட்ட பழைய வண்ணக் கார்டுகளில் ஜெர்மனியில் அச்சானது என்று பார்த்தால் 1914இல் போர் தொடங்குவதற்கு முந்தியது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வண்ணத்தை மட்டும் சாட்சியாக நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு அங்கே வர்ணம் ஏற்றியவர்கள் நம் கோபுரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை.

தெற்காவணி மூல வீதியில் நகைத் தொழிலாளர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் சீராக இறங்கினால் அசல் போட்டோ. புழு நெளிந்தாற்போல் ஒழுங்கில்லாத நுண்கோடுகள் தெரிந்தால் கொலோடைப் அச்சு, அது பழைய முறை. மறுபதிப்பைப் பழையது என்று விற்கிறவர்களும் உண்டு. கடைகளில் ரூபாய் நோட்டு சோதிக்கிற ஊதா விளக்கில் காட்டுங்கள். 1910 என்று சொன்ன கார்டு நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தக் காகிதம் 1950ஐ ஒட்டியோ பிறகோ வந்தது. கண்ணைப் பறிக்கிற வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அப்படி ஒளிரும்.

படத்தின் கீழே அச்சிட்ட பெயரையும் சோதியுங்கள். "மதுரைக் கோயில் பிரகாரம்" என்று நான் ஆசையாக வாங்கிய கார்டில் இரண்டு பக்கமும் உயர்ந்த மேடை, அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசைத் தூண்கள். அது ராமேஸ்வரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டையும் நகல் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நிற்கிறேன். வைகைக் கார்டு என்றால் யானைக்கல்லில் நின்று பார்ப்பேன். ஆற்றின் குறுக்கே ஏ.வி. பாலம் (ஆல்பர்ட் விக்டர் பாலம்) இருந்தால் 1889க்குப் பிந்தியது. திருமலை நாயக்கர் மகாலுக்கு லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858இல் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் மகால் சிதிலமாக நிற்கும். நேப்பியர் பிரபு சென்னை மாகாணக் கவர்னராக இருந்தபோது பழுது பார்த்த பிறகான மகாலைத்தான் கார்டுகளில் பார்க்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்தத் தூண் என்று எண்ணிக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாதுகாப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேஷன் செய்யாதீர்கள். நகல் எடுக்கக் கொடுத்த இடத்தில் என் கார்டு ஒன்றை நல்லதென்று நினைத்து லேமினேட் செய்து கொடுத்துவிட்டார்கள், இனி அதைப் பிரிக்க முடியாது. செல்லோ டேப், பசை, மலிவான பி.வி.சி. உறை மூன்றும் வேண்டாம். பாலிஎஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலின் உறையில் போட்டு மரப்பெட்டியில் நிற்க வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, கார்டில் படாமல் மூலையில் வைத்தால் போதும். குறிப்பு எழுத மெல்லிய பென்சில் மட்டும், அதுவும் தனிச் சீட்டில்.

என்னிடமுள்ளதில் அழகான படம் என்றால் பொற்றாமரைக் குளம். ஆனாலும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது தெற்குக் கோபுரம் போட்ட மங்கலான கார்டு. பத்து ரூபாய்க்கு வாங்கியது, நயா பைசா தலை ஒட்டியது. பின்னால் ஊதா மையில், "எதிர்சேவை பார்த்துவிட்டு மறுநாள் புறப்படுகிறோம், மூன்றுமாவடிக்கு வண்டி அனுப்பவும், சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறது. எதிர்சேவை என்பது சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்க வருகிற அழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்பது.

மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே கட்டி முடிக்காமல் நிற்கிற ராய கோபுரத்தைக் கிழக்கே இருந்து எடுத்த கார்டு மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. புது மண்டபத்துப் பக்கமிருந்து எடுத்தவைதான் வருகின்றன. உங்கள் கண்ணில் பட்டால் விலை இருக்கட்டும், முதலில் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.