ரோமானியர் கடல்தண்ணீரில் கட்டினார்கள் சரி, உங்கள் வீட்டில் கம்பி இருக்கிறதே!

"ரோமானியர் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்ட கொங்கிரீட் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது, 1624இல் போர்த்துக்கேயர் தொடங்கிய நம்ம கோட்டையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அப்ப உப்புவெளியில் நான் கடல் மணலில் வீடு கட்டினால் என்ன?" திருகோணமலையில் இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ரோமானியர் கொங்கிரீட்டுக்குள் கம்பி வைக்கவில்லை, கோட்டைச் சுவரிலும் இல்லை.

ரோமானியர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள். கடல்நீர் உள்ளே ஊறிச் சாம்பலைக் கரைக்க, அதிலிருந்து டோபர்மோரைட் போன்ற பளிங்குகள் வளர்ந்து கலவையை இன்னும் இறுக்கியதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. நமது கதை வேறு. சீமெந்தின் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகும், உப்பிலுள்ள குளோரைட் அதை உடைத்துவிடும், பிறகு துருப் பிடிக்கும்; துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

மணலை நாக்கில் வைத்து "உப்பில்லை" என்று முடிவு செய்வது அடுத்த தவறு. கம்பியைக் கெடுக்கும் அளவு நாக்குக்குத் தெரியாது. கடல் மணலே ஆகாது என்பதும் சரியில்லை, கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில் குவித்து, உப்புப் போகக் கழுவி விற்பதும் கடலில் அள்ளியதுதான்; ஆனால் அது ஆய்வுகூடத்தில் குளோரைட் அளவு பார்த்த மணல், கரையில் இரவோடு இரவாக அள்ளியது அல்ல. ஆற்று மணலுக்குக் காசு கொடுத்துவிட்டு, கலவைக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது?

கம்பிக்கு வெளியே எவ்வளவு கொங்கிரீட் இருக்கிறது என்பதையும் கவனிப்பதில்லை. கடலோரத்தில் 50 மில்லிமீற்றர் அளவுக்கு விடுவார்கள். கம்பிக்கு அடியில் செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தால் அதுவே ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுபோகும். சீமெந்துக் கட்டை வார்த்து வைக்கச் சொல்லுங்கள், மேசன் முறைத்தாலும் பரவாயில்லை.

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் வேண்டாம், ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்றுவிடும்.

கொங்கிரீட் வளையின் (பீமின்) அடியில் கம்பி போகும் திசையிலேயே நீளமாக வெடிப்பு ஓடி, ஓரத்தில் செம்மண் நிறக் கறை தெரிந்தால், பொங்கலுக்கு முதல் பூசி மறைக்காதீர்கள். தளர்ந்த கொங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள், அதுவரை அதன் கீழே கட்டில் போடாமல் இருப்பது நல்லது.