மண்பாதையில் விழும் மரநிழலைத் தீட்டுவது எப்படி?

எண்ணெய் வண்ணத்தில் நாட்டுப்புறச் சாலை வரையப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்து வைக்கும் படம், பிரான்ஸில் வாழ்ந்த ஓவியர் கமில் பிசாரோ 1872இல் வரைந்த வுவாசான் ஊர் நுழைவழி. பாரிஸுக்கு மேற்கே லூவ்சியேனை ஒட்டிய சிற்றூர் அது. படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்குள் போகும் மண்பாதை, இருபுறமும் மரங்கள், ஒரு குதிரை வண்டி, அவ்வளவுதான். பாதையின் குறுக்கே கிடக்கும் மரநிழல்கள்தான் படத்தைத் தாங்குகின்றன. ஆகவே உங்கள் நேரத்தில் பாதியை நிழலுக்கே கொடுங்கள்.

மூலப்படம் ஏறத்தாழ 46க்கு 55 சென்டிமீட்டர். அதே அளவு கேன்வாஸ் போதும். ஈரம் காயுமுன் அடுத்த வண்ணத்தை வைக்க வேண்டிய வேலை இது. பெரிய பரப்பு கைக்கு அடங்காது.

வெள்ளை, காட்மியம் மஞ்சள், மஞ்சள் காவி, சிவப்பு, அலிசரின் என்னும் அடர்சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை ஆகியவற்றைப் பிதுக்கி வையுங்கள். கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம். பிசாரோ வண்ணம் குழைக்கும் பலகையின் மேலேயே ஒரு வண்டிக் காட்சியை வரைந்திருக்கிறார். அந்தப் பலகை அமெரிக்காவில் கிளார்க் கலைக்கூடத்தில் உள்ளது. ஓரத்தில் அவர் வைத்த வண்ணக் குவியல்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் கறுப்பு இல்லை.

முதன்முறை வுவாசான் படத்தைப் பார்த்து வரைந்தபோது நிழலுக்குக் காவியோடு கறுப்பைக் கலந்தேன். பாதை நெடுகக் குழி வெட்டிப் போட்டதுபோல் ஆயிற்று. கத்தியால் சுரண்டி எடுத்தேன். அல்ட்ராமரைனில் துளி அலிசரின், தாராளமாக வெள்ளை, கொஞ்சம் காவி கலந்து மறுபடி வைத்தேன். அப்போதுதான் அது தரையில் படிந்தது. வெயில் மறைந்த இடத்தில் திறந்த வானத்தின் ஒளி மட்டுமே விழும். அது நீலம் கலந்தது.

காவியை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுவதும் பூசிவிட்டுத் தொடங்குங்கள். வானத்தையும் வீடுகளையும் விரைவாக முடிக்கலாம். பாதைக்கு வெள்ளையும் காவியும் துளி சிவப்பும் கலந்து கெட்டியாக வையுங்கள். அந்த ஈரத்தின் மேலேயே தட்டைத் தூரிகையால் நிழலைக் குறுக்கே இழுங்கள். ஒரே இழுப்பில் கோடுபோல் இழுத்துவிடாதீர்கள். வண்டிச்சக்கரம் பதிந்த தடத்தில் நிழல் சற்று இறங்கி, மறுகரையில் ஏறி, பிறகு நேராகப் போகும். அந்தச் சிறு வளைவை வைத்த கணத்தில் மண்ணுக்கு மேடுபள்ளம் வந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அருகில் இருக்கும் நிழல்களுக்கு இடைவெளி அதிகம். தொலைவு போகப்போக நெருங்கி, வெளிறி, ஒரு மெல்லிய சாம்பல் பட்டையாகக் கலந்துவிடட்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிழல் மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால், பாதையின் நிறத்தையே அதன் ஓரத்தில் லேசாக மோதவிடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், சேறாகிவிடும்.

குதிரையும் வண்டியும் கடைசியில். பத்துத் தீற்றலுக்குள் முடியுங்கள். குதிரைக்குக் கண் வைக்க வேண்டாம். அதன் காலடியில் ஒரு நீலக் கீற்று வைத்தால் போதும்.