அன்னாசிப் பூரணம் வைத்த மெத்தென்ற குக்கீ

மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி எது வந்தாலும் டப்பா டப்பாவாக நிற்கும் அன்னாசி டார்ட்தான் இது. மொறுமொறுக்கக் கூடாது, வாயில் உதிர்ந்து கரைய வேண்டும். எல்லோரும் மாவுக்குத்தான் பயப்படுகிறார்கள். காலை வாருவது என்னவோ பூரணம். அதனால் அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

பூரணம்

தோல், கண், நடுத்தண்டு நீக்கிய பழம் 1 கிலோ. துருவியில் துருவுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், நார் அரைபட்டுக் கூழானால் உருண்டை நிற்காது. துருவலை வடிகட்டியில் போட்டு லேசாக அழுத்தினால் போதும். ஒட்டப் பிழிந்தால் ருசியும் சேர்ந்து போய்விடும். (இறங்கிய சாற்றில் மிளகுத்தூளும் உப்பும் போட்டுக் குடித்துவிடுங்கள்.)

அடிகனமான எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் பாத்திரம் எடுங்கள். பழம் புளிப்பு, இரும்பு வாணலி ஆகாது. துருவலோடு ஒரு துண்டு பட்டை, 3 கிராம்பு, 1 அன்னாசிப்பூ போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். சர்க்கரையை இப்போதே கொட்டினால் தண்ணீர் வற்றுவதற்குள் அடிபிடித்துக் கறுக்கும். அரை மணி நேரம் போல ஆகி, சலசலப்பு அடங்கியதும் 150 கிராம் சர்க்கரை சேருங்கள். திரும்பவும் இளகும், பதற வேண்டாம். ஆனால் இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பதம் பார்ப்பது இப்படி: கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் மூடாமல் நிற்க வேண்டும். அது மட்டும் போதாது. கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு உருட்டி, டிஷ்யூ பேப்பரில் 5 நிமிடம் வையுங்கள். சுற்றிலும் ஈர வளையம் விழுந்தால் இன்னும் கிளற வேண்டும். அந்த ஈரம்தான் ஓவனுக்குள் ஆவியாகி மேல்மாவைப் பிளக்கும், அடியை நசநசவென்று ஊறவைக்கும். மிட்டாய் மாதிரி இழுத்தால் பதம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சரிசெய்யலாம்.

மசாலாவைப் பொறுக்கிவிட்டு, நன்றாக ஆறியதும் 8 கிராம் உருண்டைகளாக உருட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மாவு

உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், மைதா 250, கார்ன்ஃப்ளார் 20, ஐசிங் சர்க்கரை 35, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு. இதைக் கப் கணக்கில் கேட்காதீர்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள், குக்கீ கட்டர் செட்டைவிட அதுதான் உபயோகம். மார்ஜரினில் விலை குறையும், வாசனையும் குறையும்.

வெண்ணெய் விரல் பதியும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சர்க்கரையோடு குழைத்து, மஞ்சள் கரு, பிறகு மாவு வகைகள். ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் போலப் பிசைந்தால் குளூட்டன் இறுகி, குக்கீ கெட்டியாகும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

12 கிராம் மாவைத் தட்டி, பூரணத்தை வைத்து மூடி, மடிப்பு அடியில் வரும்படி வையுங்கள். மஞ்சள் கருவில் துளி பால் கலந்து மேலே மெல்லிசாகப் பூசி, முன்சூடு செய்த ஓவனில் 160 டிகிரியில் சுமார் 20 நிமிடம். வெளியே எடுத்ததும் தொட்டால் உடையும். தட்டிலேயே 10 நிமிடம் விட்டுவிடுங்கள். மறுநாள்தான் இன்னும் மெத்தென்று ஆகும்.

பின்னூட்டக் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தது

முட்டை வேண்டாம் என்பவர்கள்: மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி பால். மேலேயும் பாலே பூசலாம், பளபளப்பு மட்டும் சுமாராக இருக்கும்.

டின் அன்னாசி: பாகை முழுக்க வடித்துவிட்டு, சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். கடைசியில் எலுமிச்சைச் சாறு அவசியம்.

உருட்டும்போதே மாவு விரிசல் விடுகிறது என்று பலர் கேட்டார்கள். மாவு அதிகமாகக் குளிர்ந்திருக்கிறது, 5 நிமிடம் வெளியே வையுங்கள். கையில் எண்ணெயாக ஒட்டினால் நேர் எதிர், திரும்ப ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

ஏர்ஃப்ரையர் என்றால் வெப்பத்தை 140க்கு இறக்குங்கள். மேல்பூச்சு சீக்கிரம் கருகும், அதனால் 12 நிமிடத்திலிருந்தே எட்டிப் பாருங்கள்.