வருஷக்கணக்கில் தனியாக ஊர் சுற்ற ஆசையா? ஒத்திகையைத் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பாருங்கள்

வேலையை விட்டுவிட்டு ஆறு மாதமோ ஒரு வருஷமோ தனியாகக் கிளம்ப வேண்டும், போகிற இடத்திலேயே கிடைத்த வேலையைப் பார்த்துச் சாப்பாட்டையும் தங்கலையும் சமாளிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சொன்னால் "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்பார்கள். ஆனால் நம்ம பக்கத்துக்கு இது புதுசே இல்லை. மழை பொய்த்தால் பென்னாகரம், அரூர் பக்கத்துச் சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூர், திருப்பூர், கேரளா என்று போய், மாதக்கணக்கில் தங்கி வேலை செய்துவிட்டுத் திரும்புகிறது. தெரியாத ஊரில் யாரிடம் வேலை கேட்பது, கூலியை எப்படிப் பேசுவது, ராத்திரி எங்கே பயமில்லாமல் படுப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயண வீடியோக்களில் மூழ்குவதற்கு முன் உங்கள் தெருவில் அப்படிப் போய்வந்த ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுங்கள்.

முதலில் பிடிபட வேண்டிய விஷயம், நீண்ட பயணத்தில் காசு கரைவது தங்குவதால் இல்லை, நகர்வதால். தினமும் ஊர் மாறினால் பஸ் காசு, ஒரு நாள் வாடகை, கிடைத்த கடையில் கிடைத்த விலைக்குச் சாப்பாடு. அதே ஊரில் மூன்று வாரம் உட்கார்ந்தால் வாடகை பேசிக் குறைக்கலாம், மெஸ்ஸில் கணக்கு வைக்கலாம், நாலு பேருக்கு முகம் தெரியும், வேலையும் அந்த நாலு பேர் வழியாகத்தான் வரும். அதனால் பத்து ஊரைப் பட்டியல் போடாமல் மூன்று ஊரைப் போடுங்கள். இந்தப் பழக்கம் கைவந்திருக்கிறதா என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, இந்த இரண்டு மாவட்டமும் இரண்டு மாதமும் போதும்.

வட்டமாக ஒரு பாதை சொல்கிறேன். ஓசூரில் தொடங்கி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுச் சாலையில் ஒகேனக்கல்; அங்கிருந்து பென்னாகரம், தர்மபுரி; பிறகு அரூர், தீர்த்தமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை வழியாகத் திரும்ப ஓசூர். எல்லாம் பஸ் போகிற ஊர்கள்தான். ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்: சேலம்-பெங்களூர் ரயில் பாதை தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று போகிறது, கிருஷ்ணகிரி நகரத்தைத் தொடுவதே இல்லை. இன்னொரு லாபம், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தமிழுக்குச் சமமாகப் புழங்கும். தெரியாத மொழியில் கடைக்காரரிடம் பேரம் பேசுவது எப்படி என்று சொந்த மாநிலத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் என்ன வேலை

பருவம் பார்த்துப் போனால்தான் வேலை கிடைக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாம்பழக் காலம். இங்கே பெரும்பாலும் தோப்பைப் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு எடுத்த வியாபாரிதான் ஆள் வைப்பார், ஆகவே தோப்புச் சொந்தக்காரரிடம் போய் நிற்பதைவிட மண்டியில் விசாரிப்பது மேல். பறிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. காம்போடு சேர்த்துப் பறிக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் பீய்ச்சும், காயின் மேல் வழிந்தால் அந்த இடம் கருத்து விலை போகாது, உங்கள் கையில் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா காய்க்கு இவ்வளவு பார்க்க மாட்டார்கள். அல்போன்சா, இமாம்பசந்த் என்றால் மேஸ்திரி கண்கொத்திப் பாம்பாக நிற்பார். வெயிலானாலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். மரம் ஏறத் தெரியாதவர் தரம் பிரிக்கிற இடத்தில் உட்காரலாம். தனியாள் என்றால் ராத்திரிக் காவலுக்குக் கேட்டுப் பாருங்கள், தூங்க இடமும் சேர்ந்து கிடைக்கும்.

பிப்ரவரியிலிருந்து புளி. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, கிலோ கணக்கில் கூலி. வருஷக்கணக்கில் செய்து கை பழகிய பெண்கள் பேசிக்கொண்டே ஒரு குவியலை முடிக்கிற நேரத்தில் புதுசாக உட்கார்ந்தவர் ஒரு முறம்கூட நிரப்ப மாட்டார். வருமானத்துக்காகப் போகாதீர்கள். ஊர்க்கதை கேட்கப் போகலாம், அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கம் பசுமைக்குடில் ரோஜா. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அந்தக் குளிர்ச்சிதான் ரோஜாவுக்குச் சாதகம். மொட்டு விரிவதற்கு முன்னாலேயே வெட்டி, தண்ணீர் வாளியில் வைத்துக் குளிர் அறைக்கு அனுப்புவார்கள். காதலர் தினமான பிப்ரவரி 14-க்கு ஏற்றுமதியாக வேண்டும் என்பதால் ஜனவரிக் கடைசியிலிருந்து ஆள் தேவை கூடும். மருந்து அடிக்கிற குடிலுக்குள் மட்டும் தைரியசாலி மாதிரி நுழைய வேண்டாம். எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள், கையுறை, முகக்கவசம் தராத இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

எந்த வேலையானாலும் முதல் நாளே நாலு கேள்வி: கூலி எவ்வளவு, சாப்பாடு அதில் சேர்த்தியா, பட்டுவாடா தினமா வாரமா, இடையில் நின்றால் பாக்கி வருமா. கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்புறம் ஒன்று, அனுபவத்துக்காக வந்தவன் என்று சொல்லிக் கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள், அந்தக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற ஆசையெல்லாம் வேண்டாம், அது உரிமம் பெற்ற உள்ளூர்க்காரர்களின் தொழில், பயணியாக உட்கார்ந்து வாருங்கள். லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் ஓசூரிலோ தர்மபுரியிலோ அறை எடுத்துக்கொண்டு, காட்டுக்கும் மலைக்கும் விடுமுறை நாளில் போவது நல்லது. அஞ்செட்டிச் சாலையில் நின்றுகொண்டு வீடியோ மீட்டிங் வைக்க முடியாது.

ஆறு, காடு, மலை

ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளூர் வானத்தை இல்லை, குடகையும் வயநாட்டையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பெய்கிற மழையில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு பெருக்கெடுக்கும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து எத்தனை கனஅடி என்று காலைச் செய்தியில் வந்துவிடும். அது ஏறினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள், தடை என்றால் தடைதான். தடை இல்லாத நாளிலும் பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது, அனுமதித்த இடத்தைத் தாண்டி ஆள் இல்லாத துறையைத் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். தனியாகப் போகிறவருக்குக் கைகொடுக்கக் கூட ஆள் இருக்காது. பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டால் மட்டும் போதாது, வாரை இழுத்துக் கட்டுங்கள். கரைக்கு வந்ததும் எண்ணெய் மசாஜும் மீன் வறுவலும் இருக்கிறது, விலையை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

காடு இன்னும் கவனம் கேட்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடுகள் காவிரி வடக்கு, தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள், வடக்கு 2014-இலும் தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. ராகி கதிர் முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே இறங்கும், நவம்பர், டிசம்பரில் ராகி வயலில் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கண் விழித்திருப்பார்கள். அந்த மாதங்களில் காட்டுச் சாலையில் சைக்கிளோ பைக்கோ என்றால் வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, மாலை நாலு மணிக்குள் ஊரில் இருங்கள். கிளம்புவதற்கு முன் டீக்கடையில் "நேத்து எங்கே நின்னுச்சு?" என்று கேட்டால் போதும், யானையைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். தூரத்தில் கண்டால் ஹாரன் அடிக்காமல், ஃபிளாஷ் போடாமல், வந்த வழியே திரும்புங்கள். செல்ஃபி எடுக்க நிற்பவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதும் கூடாரம் போடுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலியான பிறகு விதிகள் கடுமையாகின. இப்போது ட்ரெக் தமிழ்நாடு என்ற அரசுத் தளத்தில், 2024-இல் தொடங்கியது, பணம் கட்டி உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டத் தடங்களும் அதில் உண்டு. கோடையில் தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள், மழைக்குப் பிந்தைய மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அனுமதிச் சிக்கல் இல்லாமல் கால் பழக ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள், தீர்த்தமலை, காபியும் மிளகும் விளைகிற வத்தல்மலை எல்லாம் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதத்தில் பாறை தோசைக்கல்லாகக் காயும், ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுகிற மாதிரி போங்கள், தண்ணீர் இரண்டு லிட்டர். கால் ஓய்ந்த நாளில் தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களையும், மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகளையும் பாருங்கள். கிராமத்துக்குள் நடக்கும்போது பாம்பைவிட நாய்தான் அதிகம் எதிரே வரும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. பாம்பு என்றால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் இருந்து 108.

ராத்திரித் தங்கல்

தனியாளுக்கு அறை இல்லை என்று சில லாட்ஜ்களில் முகத்துக்கு நேரே சொல்வார்கள், சுற்றுலாத் தலங்களில் இது கூடுதல். தனியாக வந்து அறைக்குள் ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயம்தான், உங்கள் மேல் கோபம் இல்லை. சண்டை போடாமல் ஆதாரைக் கொடுத்து, என்ன வேலையாக வந்தேன், எத்தனை நாள், அடுத்து எந்த ஊர் என்று சொல்லி, முடிந்தால் வீட்டுக்குப் போன் போட்டு மேனேஜரிடம் பேசவிடுங்கள், பெரும்பாலும் சாவி வந்துவிடும். ஒகேனக்கல்லில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது, முன்பதிவு செய்துகொண்டு போனால் இந்தப் பேச்சே இல்லை. கிராமத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் ஊர்ப் பெரியவரிடமோ கோயில் பூசாரியிடமோ கேட்டுவிட்டுத் திண்ணையில் படுக்கலாம், கேட்காமல் படுப்பதுதான் வம்பு. பெண்கள் இருட்டுவதற்கு முன் ஊர் சேர்வதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 இரண்டையும் போனில் முதலிலேயே பதிந்துகொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு ஒரு மெசேஜ், அது வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பை பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு செட் துணி, டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மழைச்சட்டை, டிசம்பரில் ஓசூர் பக்கம் என்றால் ஒரு ஸ்வெட்டர். திரும்பி வருகிற செலவும் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசும் தனிக் கணக்கில், அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு வீட்டில்.

மாவட்டத்தைத் தாண்டிய பிறகு

ஒத்திகை ஒத்துவந்தால் கையில் ஒரு தொழிலை ஏற்றிக்கொள்ளுங்கள். சமையல், டூவீலர் ரிப்பேர், எலக்ட்ரிகல், எதுவானாலும் சரி. மலையில் வேலை வேண்டும் என்றால் டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ உத்தரகாசியில் இருப்பதிலோ சுமார் நாலு வார அடிப்படைப் படிப்பு முடித்தால், மலையேற்றக் குழுக்களில் வேலை கேட்க ஒரு சான்றிதழ் இருக்கும். இமாச்சல் பக்கத்து ஹாஸ்டல்களில் சில மணி நேர வேலைக்குப் படுக்கை தருகிற வழக்கம் உண்டு. அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம் போக நம்மவர்களுக்கே உள்நுழைவு அனுமதி வேண்டும். நேபாளத்துக்கு விசா வேண்டாம், 1950 ஒப்பந்தப்படி அங்கே வேலையும் பார்க்கலாம், முதல் வெளிநாடாக அதைத்தான் சொல்வேன்.

மற்ற நாடுகளில் சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. சாப்பாடும் தங்கலும் மட்டும் வாங்கிக்கொண்டு பண்ணையில் வேலை செய்வதையும் பல நாடுகள் வேலை என்றே கணக்கில் எடுக்கும். முறையான வழி வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசா 2024 முதல் இந்தியர்களுக்கும் திறந்திருக்கிறது, 18 முதல் 30 வயது, வருஷத்துக்கு 1000 இடம், குலுக்கல் முறை. கம்போடியா, மியான்மர், லாவோஸில் டைப்பிங் வேலை, டிக்கெட் இலவசம் என்று யாராவது சொன்னால் அந்த நம்பரையே பிளாக் செய்யுங்கள், அப்படிப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகளை அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்யவைத்திருக்கிறார்கள். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் என்றால் உரிம எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.